அரசு போட்ட கூலிக்கு மேலேயே கொடுக்கிறோம், பிறகு ஏன் போதவில்லை?

வாசகர் கேள்வி, 7 டிசம்பர் 2025

"திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் மின் தையல் மெஷின் ஓட்டும் பவர் டேபிள் டைலர்கள் வாரம் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வாங்குகிறார்கள். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிட இது கூடுதல். அப்படியிருக்க வாழ்வாதார ஊதியம் என்று இன்னொன்றைக் கேட்பது என்ன நியாயம்? இரண்டுக்கும் உண்மையில் என்னதான் வித்தியாசம்?"

7 டிசம்பர், இரவு

வாரம் ஐயாயிரம் என்று சொல்லிவிட்டீர்கள், எத்தனை ஷிப்டுக்கு என்று சொல்லவில்லை. ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் பல வருடங்கள் சம்பளக் கவர் போட்டவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உங்கள் பதில் வரட்டும், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

8 டிசம்பர்

பதில் வந்துவிட்டது: "ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. திருப்பூரில் எங்கும் உள்ள வழக்கம்தானே." மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அதனாலேயே விரிவாக எழுதத் தோன்றுகிறது.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒன்று. இங்கே வாரச் சம்பளம்தான் வழக்கம். சனிக்கிழமை இரவு ஆளுக்கொரு பழுப்புக் கவர். மேலே டோக்கன் எண், பெயர், அதன் கீழே பென்சிலில் ஷிப்ட் கணக்கு. திங்கள் முதல் சனி வரை ஒருநாளும் விடாமல் வந்தவரின் கவரில் 9 என்று எழுதுவேன். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். நாளுக்கு ஒன்றரை என்றால் ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட். கவர் கைக்கு வந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க மாட்டார்கள். செக்கிங் மேசை மீதே நோட்டுகளைப் பிரித்து வைப்பார்கள்: மளிகைக் கடைக்கு இவ்வளவு, குழுத் தவணைக்கு இவ்வளவு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இவ்வளவு. வாடகைக்கு எடுத்து வைப்பதை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார்கள். மீதி எவ்வளவு என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் ஐயாயிரத்துக்கு வருவோம். ஒன்பதால் வகுத்தால் ஷிப்டுக்கு ஏறக்குறைய 555 ரூபாய். எட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்து ஆறு ஷிப்ட் போட்டிருந்தால் அவர் கையில் வாரம் 3,330 ரூபாய்தான் இருந்திருக்கும். அரசு சொன்ன ஊதியத்தோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையை. ஐயாயிரத்தை ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் குறைந்தபட்ச ஊதியம் எட்டு மணி நேரத்துக்குப் போட்ட விலை.

வாழ்வாதார ஊதியமும் அப்படியே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் ஏற்றுக்கொண்ட விளக்கத்தில், தொழிலாளியும் குடும்பமும் கௌரவமாக வாழத் தேவையான ஊதியம் என்பதோடு நிற்கவில்லை. வழக்கமான வேலை நேரத்தில் செய்த வேலைக்கே அது கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த பகுதி இந்த இரண்டாவதுதான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்கிய தொகையைக் காட்டி "பார், வாழப் போதுகிறதே" என்று யாரும் சொல்ல முடியாது.

8 டிசம்பர், பின்னிரவு

தூக்கம் வராமல் இதையும் எழுதிவிடுகிறேன். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து இருக்கிறது. அப்படியானால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நான்கு மணி நேரம் இரட்டிப்பாக இன்னொரு ஷிப்ட். ஒரு நாளைக்கு இரண்டு. நாம் கொடுப்பது ஒன்றரை. ஆறு நாளில் பன்னிரண்டு எழுத வேண்டிய கவரில் ஒன்பது எழுதுகிறோம். வாரத்துக்கு மூன்று ஷிப்ட் காணாமல் போகிறது. இது சட்டப்படி கொடுக்க வேண்டிய பாக்கி. வாழ்வாதார ஊதியத்தைப் பற்றி இன்னும் நாம் பேசவே ஆரம்பிக்கவில்லை.

10 டிசம்பர்

"குறைந்தபட்ச ஊதியத்தை அரசு எப்படித்தான் கணக்குப் போடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்கிறதா?" என்று அவிநாசியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கணக்கு இருக்கிறது தம்பி. நல்ல கணக்குதான். அது எழுதப்பட்ட இடத்துக்கும் அரசிதழுக்கும் நடுவில்தான் கோளாறு.

சுதந்திரம் வந்த கையோடு நியாய ஊதியக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அது மூன்று படிகளைச் சொன்னது. அடியில் குறைந்தபட்ச ஊதியம்: தொழில் லாபத்தில் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் கொடுத்தே தீர வேண்டியது. உயிரை வைத்துக்கொள்ள மட்டும் போதுமானதாக இருந்தால் அதுகூட இல்லை, கொஞ்சம் படிப்பு, மருத்துவம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றார்கள். மேலே வாழ்வாதார ஊதியம்: பிள்ளைகளின் கல்வி, நோய்க்குப் பாதுகாப்பு, முதுமைக்குச் சேமிப்பு, மனிதன் என்ற மதிப்போடு இருக்கத் தேவையானவை. நடுவில் நியாய ஊதியம்: தொழிலின் சக்திக்கேற்ப கீழ்ப்படியிலிருந்து மேல்படியை நோக்கி ஏற வேண்டியது. அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவும் மேல்படியைத்தான் அரசின் இலக்காக வைத்திருக்கிறது. மூன்று படி சொன்னார்கள், நாம் முதல் படியிலேயே பாய் விரித்துவிட்டோம்.

பிறகு 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் உட்கார்ந்து முதல் படிக்கே அளவு வகுத்தார்கள். ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் மூன்று நுகர்வு அலகுகள் சாப்பிட வேண்டும். அலகுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருடம் 72 கஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் வாங்கும் அளவுக்காவது வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்த ஊதியத்தில் 20 சதவீதம்.

அந்த 2,700 கலோரிக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டுடையது. வாலஸ் அய்க்ராய்டு. 1935 முதல் 1945 வரை நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர். வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் இருந்தவர். பசி என்றால் என்னவென்று கண்ணால் பார்த்த ஒருவர் போட்ட கணக்கு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதெல்லாம், இந்த நாட்டில் ஒரு கூலிக்காரர் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று யோசித்த இடம் மேலே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

11 டிசம்பர்

மூன்று அலகு என்றால் மூன்று பேரா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேர். ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கு 0.6. கூட்டினால் மூன்று.

இதில் எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று உண்டு. எங்கள் கம்பெனியில் சிங்கர், ஓவர்லாக் தையல் மெஷின்கள், செக்கிங், பேக்கிங் என்று எங்கே திரும்பினாலும் பெண்கள். அவர்களில் பலர் தனியாகக் குடும்பம் நடத்துபவர்கள். கணவனை இழந்தவர்கள், விட்டு வந்தவர்கள், கணவன் இருந்தும் இல்லாதவர்கள். அவர்களைக் கணக்கு எப்படிப் பார்க்கிறது? ஒரு ஆணின் சம்பளத்தில் சாப்பிடும் 0.8 ஆக. பன்னிரண்டு மணி நேரம் நின்று, பீஸைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் தேடி, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டும் பெண்ணுக்கு 0.8. அய்யா அம்மா இருவருக்கும் இந்தக் கணக்கில் இலையே போடவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பாத ஒரு செக்கிங் பெண்ணையாவது காட்டுங்கள்.

ஆனாலும் அந்த 1957 தீர்மானத்தில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மனைவியின் வருமானத்தையும் பிள்ளைகளின் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒரு சம்பளத்திலேயே குடும்பம் நடக்க வேண்டும். "வீட்டில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்களே, பிறகென்ன" என்று சொல்பவர்களுக்கு அறுபத்தெட்டு வருடம் முன்பே கொடுத்த பதில்.

14 டிசம்பர், ஞாயிறு

வாடகை. இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய ஊதியச் சட்டங்களை ஒன்றாக்கிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்காக மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளை அச்சடித்து வைத்திருக்கிறேன். 2,700 கலோரி அப்படியே. துணி 66 மீட்டர். எங்கிருந்து வந்தது இந்த 66 என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 72 கஜத்தை மீட்டராக்கினால் 65.8 வரும். அதாவது 1957இன் துணிதான், அளவுகோல் மட்டும் மாறியிருக்கிறது. பள்ளிச் சீருடை, வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சுடிதார் எல்லாம் வந்த பிறகும் அதே துணி. போகட்டும், துணியில் ஓரளவு சமாளிக்கலாம்.

வாடகைக்கு அதில் என்ன தெரியுமா? உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதம். ஒரு பேச்சுக்கு, நான்கு பேருக்குச் சாப்பாடும் துணியும் மாதம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 1,200. இந்தக் குறிப்புகளைப் படிக்கும் திருப்பூர்க்காரர்கள் யாராவது 1,200 ரூபாய்க்கு ஒரு வீடு காட்ட முடியுமா? எங்கள் தெருவிலுள்ள லைன் வீட்டில் ஒற்றை அறை, மூலையில் ஒரு மேடை போட்டுச் சமையல், எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை, வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர். அதற்கு 4,500 வாங்குகிறார்கள். கரண்ட் தனி. அட்வான்ஸ் தனி.

மீதி 3,300 எங்கிருந்து வருகிறது? எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலையிலிருந்து வருகிறது. பிள்ளைக்குப் பால் வாங்காமல் விடுவதிலிருந்து வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை லீவில் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் 'கை மடி' வேலைக்கு அழைத்து வந்து, ஜூன் மாதம் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டுவிடுவதிலிருந்து வருகிறது. அப்படி வந்து நின்ற பெண்களுக்கு டோக்கன் எழுதியிருக்கிறேன்.

இரண்டு ஊதியத்துக்கும் நடுவில் உள்ள தொகை காகிதத்தில் எழுதாததால் இல்லாமல் போய்விடுவதில்லை. குடும்பத்தில் யாராவது ஒருவர் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

15 டிசம்பர்

வாடகைக் குறிப்பைப் படித்துவிட்டு "அந்த விதிகளில் கல்வி, மருத்துவத்துக்கு 25 சதவீதம் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. அந்த 25 சதவீதம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. அதற்குத் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

ஆனால் விதியில் இருப்பதும் அரசிதழில் வருவதும் வேறுவேறு. இந்த ஒரு கதையைக் கேளுங்கள். தேசிய அளவில் ஊதியத்துக்கு அடித்தளம் எவ்வளவு வைக்கலாம் என்று அனூப் சத்பதி தலைமையில் மத்திய அரசே ஒரு நிபுணர் குழு போட்டது. 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். கலோரியை 2,400 ஆகக் குறைத்துத்தான் கணக்குப் போட்டார்கள், தாராளமாகப் போடவில்லை. அப்படியும் 2018 விலைவாசியில் நாளுக்கு 375 ரூபாய் வந்தது. அப்போது நடப்பில் இருந்த தேசிய அடித்தள ஊதியம் 176. அரசு அதே ஆண்டு அதை 178 ஆக்கியது. தன் குழு 375 என்று எழுதிக் கொடுத்திருக்க, ஏற்றியது இரண்டு ரூபாய்.

17 டிசம்பர்

யூனிட் நடத்துபவர் மறுபடி எழுதியிருக்கிறார். கொஞ்சம் மனத்தாங்கலோடு. "என்னைக் கொள்ளைக்காரன் போல எழுதுகிறீர்கள் அக்கா. எனக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று எக்ஸ்போர்ட்காரர் ரேட் போடுகிறார். அவருக்கு வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் போடுகிறார். நான் கூட்டிக் கேட்டால் அடுத்த வாரம் பீஸ் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். நூல் விலை ஏறினாலும் என் ரேட் ஏறாது. நானும் பத்து வருடம் சிங்கர் ஓட்டியவன்தான்."

உங்களைக் கொள்ளைக்காரர் என்று நான் எழுதவும் இல்லை, நினைக்கவும் இல்லை. ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் வட்டிக்கு வாங்கி சனிக்கிழமை கவர் போட்டதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரிய கம்பெனியின் பில் மூன்று மாதம் கழித்து வரும், டைலருக்கு அந்தச் சனிக்கிழமையே கொடுத்தாக வேண்டும். உங்களை நெருக்குகிறார்கள் என்பது உண்மை. அந்த நெருக்கலை நீங்கள் இறக்கி வைக்கும் இடம்தான் கேள்வி. உங்களுக்கு மேலே இருப்பவர் உங்கள் தலையில் வைக்கிறார், நீங்கள் டைலர் தலையில் வைக்கிறீர்கள். டைலருக்குக் கீழே இறக்கி வைக்க ஆள் இல்லை, பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

"கூலியை ஏற்றினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாக்காவில் இதே பேச்சை இந்தியாவையும் வியட்நாமையும் காட்டிப் பேசுகிறார்கள். ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்த 2013ஆம் ஆண்டின் கடைசியில்தான் அங்கே ஆடைத் தொழிலாளியின் மாதக் குறைந்தபட்ச ஊதியம் 3,000 டாகாவிலிருந்து (அந்த நாட்டுப் பணம்) 5,300 ஆனது. 2023இல் தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், கிடைத்தது 12,500. ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரைக் காட்டித் தன் ஊர்க் கூலியை அமுக்குகிறது.

இதை உடைக்கத்தான் ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணி என்று சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து 2009இல் ஒரு கோரிக்கையை வைத்தார்கள். ஆடை தைக்கும் ஆசிய நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் வாழ்வாதார ஊதியத்தைக் கணக்கிடுவது. மூன்று நுகர்வு அலகு, அலகுக்கு 3,000 கலோரி, வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு சம்பளத்தில் குடும்பம். அந்தந்த நாட்டு விலைவாசிக்கேற்ப அது ரூபாயாகவும் டாகாவாகவும் மாறும். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அடித்தளம் உயர்ந்தால் பையருக்கு ஓட இடம் இருக்காது. கூடுதல் தொகையை ரேட்டில் ஏற்ற வேண்டியவர் அவர். இந்தக் கோரிக்கை டைலருக்கு மட்டும் ஆனது என்று நினைக்காதீர்கள். ரேட் கூடினால்தான் உங்களாலும் கொடுக்க முடியும். இதில் நீங்கள் எங்கள் பக்கம் நிற்க வேண்டியவர்.

18 டிசம்பர்

லண்டனில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியது, எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கித் தருகிறேன். அங்கே 2001இல் கிழக்கு லண்டனில் துப்புரவுப் பணியாளர்களும் தேவாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் சேர்ந்து வாழ்வாதார ஊதிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2016இல் அரசு தன் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான தொகையை ஏற்றி, அதற்கு தேசிய வாழ்வாதார ஊதியம் என்று பெயர் வைத்தது. மணிக்கு 7.20 பவுண்ட். அதே நேரத்தில் வாழும் செலவை எண்ணிப் பார்த்து இயக்கத்தினர் சொன்ன தொகை 8.25, லண்டனுக்கு 9.40. 2025 கடைசியிலும் அந்த இடைவெளி இருந்தது: அரசுத் தொகை 12.21, இயக்கத்தின் புதிய தொகை 13.45, லண்டனுக்கு 14.80. எந்தத் தொகையைப் பார்த்தாலும் அது சந்தை விலைகளிலிருந்து ஆரம்பித்து எண்ணியதா, முதலாளிகளின் சம்மதத்திலிருந்து எண்ணியதா என்று பார்க்கச் சொல்கிறார். அதைத்தான் நானும் இங்கே கேட்கிறேன்.

21 டிசம்பர்

சென்னை வழக்கைச் சொல்கிறேன் என்றேன்.

ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்து கம்பெனி. சென்னைத் தொழிற்சாலையில் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி வெகுகாலமாக இருந்தது. நிர்வாகம் அதை மாற்றிக் குறைக்கப் பார்த்தது. தீர்ப்பாயம் நிர்வாகத்தின் பக்கம், சென்னை உயர்நீதிமன்றமும் கடைசியில் அப்படியே. தொழிலாளர்கள் விடவில்லை. 1991 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தோடு நிற்காமல், 1957இன் ஐந்து அளவுகளோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றது: பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உட்பட ஓரளவு பொழுதுபோக்கு, முதுமை, திருமணம். இவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 சதவீதம். பண்டிகையைக்கூடக் கூலியில் சேர்த்த தீர்ப்பு. அதைப் படித்தபோது, பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முன்பணம் கேட்டு என் ஜன்னல் முன் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நினைவுக்கு வந்தார்கள். முன்பணமாகக் கேட்டது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி.

பஞ்சப்படி என்றதும் 1984ஐச் சொல்லாமல் போகக் கூடாது. திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பஞ்சப்படி கேட்டுத்தான். என் அப்பா அதில் இருந்தார். வீட்டுப் பித்தளை அண்டாவும் குடமும் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. அம்மா ஒருநாளும் "வேலைக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லவில்லை. அரிசி விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்ற ஒரு வரிக்காக நான்கு மாதம் பட்டினி கிடந்தார்கள்.

இன்னொன்று. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குள் ஒருமுறை குறைந்தபட்ச ஊதியத்தைத் திருத்த வேண்டும். தையல் தொழிலுக்கு 2004இல் போட்டதை 2014இல்தான் திருத்தினார்கள். அதையும் எதிர்த்து முதலாளிகள் தரப்பு நீதிமன்றம் போனது. 2016இல்தான் உயர்நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. முதல் படியில் நிற்பதற்கே பன்னிரண்டு வருடம்.

28 டிசம்பர்

யூனிட்காரரிடமிருந்து நேற்று வந்தது: "உங்கள் கணக்கை என் டைலர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு கொடுத்தால் இப்போதைய ரேட்டில் எனக்கு மாதம் நஷ்டம். ரேட்டைக் கூட்டச் சொல்லி எங்கள் ஜாப் ஒர்க் சங்கத்தில் பேசப் போகிறேன். டைலர்களின் கணக்கையும் எடுத்துக்கொண்டு போகிறேன்." அவசியம் போங்கள். கணக்கை எழுதும்போது வாடகையை விதியில் உள்ளபடி எழுதாதீர்கள், அவர்கள் உண்மையில் கொடுப்பதை எழுதுங்கள். எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

தொழிலாளர்கள் சிலர் தனியாகக் கேட்டதற்குப் பொதுவாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுப்பது கட்டாய உழைப்பு என்று உச்சநீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் சொல்லியிருக்கிறது. "சம்மதித்துத்தானே வந்தாய்" என்ற பேச்சு செல்லாது. புதிய ஊதியத் தொகுப்பில் பாக்கியைக் கேட்டு மனுக் கொடுக்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் அது ஆறு மாதமாக இருந்தது. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு வழி இருக்கிறது. சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, அதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு தராத இடத்தில் சம்பளக் கவரைக் கசக்கி எறியாதீர்கள். தேதியும் ஷிப்ட் எண்ணிக்கையும் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு, கவரை ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அன்றன்றே வீட்டுக் காலண்டரில் குறியுங்கள். தொழிற்சங்க ஆபீஸுக்கு வரும்போது இரண்டையும் எடுத்து வாருங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அங்கேதான் இருப்பேன்.